சுவரை இடிப்பவரும் சுவரை எழுப்பியவரும்

செல்வந்தர் ஒருவர் மரணிப்பார். அவருடைய பாழடைந்த மாளிகையில் வாரிசுகள் கூடுவர். வழக்கறிஞர் முத்திரையை உடைத்து உயிலை வாசிப்பார். செல்வம் இவ்வீட்டிலேயே மறைந்திருக்கிறது. கண்டெடுப்பவருக்கே உரியது என்று அதில் எழுதியிருக்கும். நள்ளிரவில் விளக்கு அணையும். விடியும்போது வாரிசுகளுள் ஒருவர் பிணமாகக் கிடப்பார்.

மர்ம நாவல் என்னும் பெயரில் நம் இல்லங்களுக்குள் புகுந்துவிட்ட கதைகளுள் இவ்வகைக்குத் தனி வரவேற்பு உண்டு. "பொழுதுபோக்குத்தானே, இதில் என்ன கேடு?" என்று கேட்போருக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

கொலை நடப்பதும் பேய் உலவுவதும் நம் கவலையல்ல. அவை கட்டுக்கதை என்பதைச் சிறுவனும் அறிவான். கதைக்கு அடித்தளமாகப் போடப்பட்டு, எவராலும் வினவப்படாமல் உள்ளத்தில் இறங்கிவிடும் எண்ணங்களே நம் கவலை.

ஜான் வில்லர்டு எழுதி 1922ஆம் ஆண்டு நியூயார்க்கில் மேடையேறிய 'பூனையும் கானரிப் பறவையும்' என்ற நாடகத்தை எடுத்துக்கொள்வோம். 1927ஆம் ஆண்டில் அது திரைப்படமாகவும் வந்தது. ஒருவர் இறந்து 20 ஆண்டுகள் கழிந்த பின்னரே அவருடைய உயில் திறக்கப்படுகிறது. சொத்து முழுவதும் ஓர் இளம்பெண்ணுக்கு. அவள் சித்தம் கலங்கியவள் என்று தெரிந்தால் வேறொருவருக்கு. இவ்வாறு எழுதி வைத்தால் என்ன நிகழும்? அவளைப் பைத்தியமாக்க ஒருவன் முகமூடி அணிந்து வருகிறான். குற்றம் அவனுடையதே, மறுக்கவில்லை. ஆனால் உறவினரை ஒருவருக்கொருவர் பகைவராக்கி வைத்த அந்த உயிலைக் கதையில் எவரும் குற்றம் சாட்டுவதில்லை!

இக்கதைகள் முளைத்த மண் எது என்பதையும் அறிதல் வேண்டும். இங்கிலாந்தில் 1938ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, ஒருவர் தம் மனைவி மக்களுக்கு ஒன்றும் வைக்காமல் சொத்தனைத்தையும் தாம் விரும்பியவருக்கு எழுதிவிட இயன்றது. இறந்தவரின் மனப்போக்கே சட்டமாக நிற்கும் இடத்தில்தான் உயில் மர்மக் கதையாகிறது.

நம் மார்க்கமோ அந்தக் கதவை முதலிலேயே அடைத்துவிட்டது. அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் ஆகியவை தீர்ந்த பின் எஞ்சுவது வாரிசுகளுக்கு. அவரவர் பங்கின் அளவைத் திருமறையின் 'அந்நிஸா' அத்தியாயமே வரையறுத்துவிட்டது. நோயுற்றிருந்த ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள், தம் பொருளில் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய விரும்பியபோது, மூன்றில் ஒன்றுக்கு மேல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. தர்மத்திற்கே இந்த எல்லை என்றால், கிழவரின் விளையாட்டுக்கு எங்கே இடம்?

"கண்டெடுத்தவருக்கே சொந்தம்" என்பதையும் உரைத்துப் பார்ப்போம். இஸ்லாத்திற்கு முந்திய காலத்தார் புதைத்தது கிடைத்தால் அது 'ரிகாஸ்'. அதில் ஐந்தில் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். பாட்டனார் ஒளித்து வைத்த பொற்காசுகளோ புதையலே அல்ல. அவை பாகம் பிரிக்க வேண்டிய சொத்து. கண்டெடுத்தவரின் கையில் தம் பங்கு போக மற்றதெல்லாம் அமானிதம். மறைத்தால் அவர் கதாநாயகர் அல்லர், திருடர்.

கோனன் டாயில் 1893ஆம் ஆண்டு வெளியிட்ட 'மஸ்கிரேவ் சடங்கு' இவற்றினும் மேலான கதை என்பதை ஒப்புகிறோம். அதில் பேராசை கொண்ட வேலையாள் நிலவறையிலேயே மடிகிறான். எனினும், அங்கே மறைந்திருந்தது மன்னரின் கிரீடம். மன்னரின் வாரிசுக்காகக் காக்கும்படி அக்குடும்பத்தின் முன்னோரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். இறுதியில், சட்டச் சிக்கலைக் கடந்து பெருந்தொகை செலுத்தி, அக்குடும்பமே அதை வைத்துக்கொள்கிறது. அமானிதம் உடைமையானதைக் கதை ஒரு வரியில் கடந்து போகிறது.

மறைந்த குடும்பச் செல்வத்தைப் பற்றிய கதை நம்மிடமும் உண்டு. திருமறையின் 'அல்கஹ்ஃபு' அத்தியாயத்தை நினைவுகூர்வோம். விருந்தளிக்க மறுத்த ஊரில், விழவிருந்த சுவர் ஒன்றைக் கிள்று (அலை) அவர்கள் கூலி வாங்காமல் நிமிர்த்தி வைத்தார்கள். மூஸா (அலை) அவர்கள் வியந்தார்கள். சுவரின் அடியில் இரு அநாதைச் சிறுவர்களின் புதையல் இருந்தது. அவர்கள் பருவமடைந்து தாமே எடுத்துக்கொள்ளும்வரை அது மறைந்திருக்க வேண்டும் என்பதற்காகவே அச்சுவர் எழுப்பப்பட்டது. புதையல் இருக்கும் இடத்தை அறிந்தவர் அங்கே தோண்டவில்லை, மூடிக் காத்தார். மர்ம நாவல் போற்றும் வீரம் எது, திருமறை காட்டும் வீரம் எது என்பதை வாசகர்களே ஒப்பிடட்டும்.

அந்நிய நாட்டுக் கதைகளைச் சாடிவிட்டு நாம் தூய்மையாளராய் அமர்ந்துவிட முடியாது. தந்தை மௌத்தாகிப் பல ஆண்டுகள் சென்ற பின்னும் பாகம் பிரிக்காத வீடுகள் நம் ஊர்களில் இல்லையா? சகோதரியை அழைத்து, படித்துக் காட்டாமலேயே விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குவோர் இல்லையா? "சீதனம் கொடுத்தாயிற்று" என்பது அவர்கள் வாதம். தந்தை உயிருடன் இருக்கையில் கொடுத்தது அன்பளிப்பு. அவர் மரணத்திற்குப் பின் மகளுக்கு வருவது இறைவன் விதித்த பங்கு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. நாவலின் கொலையாளிக்கு முகமூடியாவது தேவைப்படுகிறது. இவர்களுக்கு அதுவும் வேண்டியதில்லை. ஊர் இவர்களைக் கெட்டிக்காரர் என்கிறது.

மர்ம நாவல்களைக் கொளுத்துங்கள் என்று நாம் கூறவில்லை. பிள்ளைகள் படிக்கட்டும். படித்து முடித்ததும், "இறந்தவருக்குக் கடன் இருந்ததா? வாரிசுகள் யார் யார்? எவருக்கு எவ்வளவு பங்கு?" என்று அவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு விடை தெரியாவிட்டால் அமர்த்திக் கற்பியுங்கள். வஸிய்யத் செய்ய வேண்டிய பொருள் உடையவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்பது நபிமொழியின் கருத்து. நம் சொத்தையும் கடனையும் பிறரின் அமானிதங்களையும் எழுதி, மனைவி மக்கள் அனைவரும் அறிய வைப்போம். நமக்குப் பின் நம் மக்கள் நம் வீட்டுச் சுவர்களைத் தட்டிப் பார்க்கும் நிலையை அல்லாஹ் ஏற்படுத்தாதிருப்பானாக!