மேடையை நடத்துபவர் பாடகர்தான்

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் அண்மையில் நடந்த ஒரு கதகளியின் அழைப்பிதழ் கைக்கு வந்தது. வேஷம் கட்டுபவர்களின் பெயர்கள் படத்தோடு, பெரிய எழுத்தில். செண்டைக்காரர்களுக்கு ஒரு வரி. பாடுபவர் பெயரைக் காணவில்லை. கரமனையில் பல ஆண்டுகளாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. அன்று இரவு அந்த மேடையை நடத்தப் போகிறவரே அவர்தான்.

கதகளியில் நடிகர் வசனம் பேசுவதில்லை. அவருக்குப் பின்னால் இருவர் நின்று பாடுகிறார்கள். தலைமைப் பாடகர் பொன்னானி. அவர் கையில் சேங்கிலை என்ற வெண்கலத் தட்டும் ஒரு கோலும் இருக்கும். துணைப் பாடகர் சிங்கிடி, அவருக்கு இலத்தாளம். பதம் எனப்படும் பாட்டை எந்தக் காலத்தில் எடுப்பது, ஒரு வரியை எத்தனை முறை திருப்புவது, எப்போது அடுத்த வரிக்குப் போவது என்பதெல்லாம் பொன்னானியின் பொறுப்பு. பாட்டே இல்லாமல் நடிகர் மனோதர்மமாக ஆடும் இடத்திலும் அவர் ஓய்ந்து உட்கார முடியாது. தாளம் பிடித்து நின்றாக வேண்டும். நம் பரதநாட்டிய மேடையில் நட்டுவனார் வேலையையும் பாடகர் வேலையையும் ஒரே ஆள் சுமந்தால் எப்படியோ அப்படி.

ஓர் உதாரணம் சொல்கிறேன். திருவிதாங்கூர் அரசவையில் இருந்த இரயிம்மன் தம்பி (1782–1856) எழுதிய கதகளி நாடகம் கீசகவதம். அதில் கீசகன் மாலினி என்ற பணிப்பெண்ணிடம் மயங்கிக் கெஞ்சும் பதம் காம்போஜியில் அமைந்தது. மிகவும் விளம்ப காலம். ஒரு சொல்லை நடிகர் கண்ணாலும் கையாலும் விரித்துக்கொண்டே போவார். அவர் முத்திரையை முடிக்கும்வரை பொன்னானி அந்த வரியை விடக் கூடாது. திரும்பப் பாடும்போது அதே சங்கதியைப் போட்டால் ஆட்டம் தேங்கிவிடும். புதிதாக ஏதோ போட்டுக் கைதட்டல் வாங்கினால் நடிகர் அந்தரத்தில் நிற்பார். முதுகுப்பக்கம் நின்றபடி, நடிகரின் தோள் அசைவை வைத்தே அவர் அடுத்து என்ன செய்யப் போகிறார் என்று கணித்துப் பாட வேண்டும். கச்சேரி வித்வானுக்கு இந்தச் சோதனை கிடையாது.

இதை எங்கள் ஊருக்கு உணர்த்தியவர் கதகளிப் பாடகர் வெண்மணி ஹரிதாஸ். 1946இல் பிறந்தவர். கேரள கலாமண்டலத்தில் நீலகண்டன் நம்பீசனிடம் கற்றார். அகமதாபாத்தில் மிருணாளினி சாராபாயின் தர்ப்பணா கலை நிறுவனத்தில் பாடினார். பிறகு திருவனந்தபுரத்துக்கு வந்து, பொறியாளர் அப்புக்குட்டன் நாயர் 1970இல் தொடங்கிய மார்கி என்ற கலை அமைப்பில் சேர்ந்தார். 2005இல் மறையும்வரை இந்த ஊர்க்காரராகவே இருந்தார். அவர் ராகத்தின் அழகைக் காட்டியதைவிடப் பாத்திரத்தின் மனநிலையைக் காட்டியதே அதிகம். நளசரிதத்தில் அவர் பாடினால் நடிகர் ஆடத் தொடங்கும் முன்பே சோகம் அரங்கை நிறைத்துவிடும்.

பாடகரே நடத்துபவராவதை ஐரோப்பா எப்படி மதித்தது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. அதே 1946இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பிறந்தவர் ரெனே யாக்கப்ஸ். தேவாலயப் பாடகர் குழுவில் சிறுவனாகத் தொடங்கி, உச்ச ஸ்தாயியில் பாடும் ஆண் பாடகராகப் பெயர் வாங்கி, பிறகு இசைக்குழுவை நடத்துபவரானார். மோண்டெவெர்டி, கவல்லி, ஹாண்டெல் ஆகியோரின் பழைய இசை நாடகங்களுக்கு மறுபடி உயிர் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். பாடகன் எங்கே மூச்செடுப்பான், எந்தச் சொல்லில் நிற்பான் என்பது பாடிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அந்த அறிவுக்கு ஐரோப்பா மதிப்புத் தந்தது. இசைத்தட்டின் அட்டையில் அவர் பெயர்தான் பெரிதாக இருக்கிறது. நம்மிடமோ பாடகரே நடத்துநராக இருப்பது பரம்பரை வழக்கம். அவர் பெயரைத்தான் அழைப்பிதழில் விட்டுவிடுகிறோம்.

கதகளிப் பாட்டுக்கு இன்று ரசிகர்கள் பெருகிவிட்டார்களே, பதக்கச்சேரிகள் நடக்கின்றனவே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், நானும் அவற்றைக் கேட்டு மகிழ்கிறேன். ஆனால் பதக்கச்சேரியில் பாடகருக்கு முன்னால் நடிகர் இல்லை. அங்கே வளர்வது குரல். ஒரு மேடையைக் கட்டிக் காக்கும் திறமை அங்கே வளராது. மைக்கில் இனிமையாக ஒலிப்பதையே குறிக்கோளாகக் கொள்ளும் இளைஞர், நடிகரைப் பார்ப்பதை மெல்ல மெல்ல மறந்துபோவார். அந்த இழப்பு பத்தாண்டு கழித்துத்தான் நமக்குத் தெரியவரும்.

ஆகவே சபாக்களையும் கோயில் விழாக் குழுக்களையும் கேட்டுக்கொள்கிறேன். அழைப்பிதழில் பொன்னானியின் பெயர் முதன்மை நடிகரின் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் வரட்டும். சம்பளத்திலும் அந்தச் சமநிலை இருக்கட்டும். செலவை மிச்சப்படுத்த ஒலிப்பதிவை ஓடவிட்டு நடிகரை ஆடச் சொல்லாதீர்கள். பதிவு யாருக்காகவும் காத்திருக்காது. பயிற்சிக் களரிகளில் பாட்டு மாணவர்களும் வேஷ மாணவர்களும் தினமும் ஒன்றாகச் சாதகம் செய்யட்டும். கதகளியை வரவழைக்கும் தமிழ்நாட்டு சபாக்களுக்கும் இதையே சொல்வேன்.

பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கிரீடத்தையும் பாவாடையையும் பார்த்து வியந்த பிறகு, பின்னால் சேங்கிலையோடு நிற்பவரையும் ஒரு பதம் முழுக்கக் கவனியுங்கள். முடிந்ததும் அவர் பெயரை அமைப்பாளர்களிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால், அடுத்த அழைப்பிதழில் அது தானாக வந்துவிடும்.