விண்மீன் பெயரும் வெறும் பெயரும்

குழந்தைக்கு நாம் கொடுக்கும் முதற் சொத்து அதன் பெயர். வீடு போகலாம்; நிலம் போகலாம்; பெயர் மட்டும் மனிதனுடன் இறுதிவரை செல்லும்; அவனுக்குப் பின்னும் நிற்கும். இத்தகைய சொத்தைக் கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம்மவர் இன்று எவ்வாறு தேடுகின்றனர்? சோதிடர் எழுத்தைக் கொடுக்கிறார். எண் சாத்திரக்காரர் கூட்டுத்தொகையைக் கொடுக்கிறார். எஞ்சியதைக் கைத்தொலைபேசி கொடுக்கிறது. ஓரியன், லைரா, அதீனா என்று கிரேக்கக் கதைப் பெயர்களும் விண்மீன் பெயர்களும் அதில் வரிசையாக வந்து நிற்கின்றன. தாய்க்கும் தந்தைக்கும் மிஞ்சும் வேலை என்ன? வந்த பெயரைப் பதிவாளரிடம் கொண்டு செல்வது ஒன்றே!

கிரேக்கப் பெயர் அன்னியப் பெயர் என்று கூறி நாம் கொதித்தெழப் போவதில்லை. வானம் எந்த நாட்டுக்கும் தனியுடைமை அன்று. மழை ஓய்ந்த கார்த்திகை மாதத்து மாலையில் கண்டி மலைகளின் மேல் கிழக்கு வானத்தைப் பாருங்கள். சிறு கூட்டமாய் மின்னும் கார்த்திகை மீன்களைக் காண்பீர்கள். கிரேக்கர் அவற்றை அட்லஸ் என்பவனின் ஏழு புதல்வியர் என்றனர். ஆயினும் கண்ணுக்குப் புலப்படுபவை பெரும்பாலும் ஆறே; ஆகையால், ஒருத்தி மறைந்துவிட்டாள் என்று கதை சொல்லினர். நம் முன்னோர் கண்டது கண்டவாறே அறுமீன் என்றனர். அந்த அறுவரும் முருகனைப் பாலூட்டி வளர்த்த தாயர் என்றனர். அவர்கள் வளர்த்த பிள்ளைக்குக் கண்டி நகரிலும் கதிர்காம தேவாலயம் உண்டு. ஆண்டுதோறும் எசல பெரஹராவில் அத்தேவாலயத்தின் ஊர்வலமும் செல்கிறது.

உழவருக்கு இன்னொன்றும் கூறுவோம். சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹெசியொட் என்னும் கிரேக்கப் புலவர், இம்மீன்கள் விடியலில் உதிக்கும்போது அறுவடை செய், மறையும்போது ஏர் பூட்டு என்று தம் நாட்டு உழவருக்கு அறிவுரை கூறினார். பஞ்சாங்கம் பார்த்து விதைத்த நம் பாட்டனுக்கும் அந்தக் கிரேக்க உழவனுக்கும் வேற்றுமை எங்கே?

ஆகவே, கதையை அறிந்து, அதை விரும்பிக் கிரேக்கப் பெயர் வைப்பவரை நாம் குறை கூறோம். அறியாமல் வைப்பவரையே கேட்கிறோம். ஓரியன் யார்? அந்த ஏழு கன்னியரையும் விடாது துரத்திய வேடன். அவன் தோளிலே செந்நிறமாய் ஒளிரும் விண்மீனே நமது திருவாதிரை! மணிமேகலையின் அமுதசுரபியில் முதற் பிச்சையிட்ட பெருமாட்டியின் பெயர் ஆதிரை. வேடனின் பெயரைத் தேடிக் கடல் கடந்தவர்கள், அவன் தோளில் நிற்கும் ஆதிரையைக் காணவில்லையே! லைரா என்பதற்குப் பொருள் யாழ். யாழினி என்னும் பெயர் நம்மிடம் இருக்கிறது. மற்றொன்று: எழுதுவோர் கைமாறினால் ஓரியன் ‘ஆரியன்’ ஆகிவிடவும் கூடும். தமிழ் அரசியல் அறிந்த தந்தையர் இதைச் சற்று யோசிப்பாராக!

உண்மையான கேடு கிரேக்கத்திலிருந்து வரவில்லை. எழுத்துப் பட்டியலிலிருந்து வருகிறது. குழந்தை பிறந்த நட்சத்திரத்தின் பாதத்திற்கு ஓர் எழுத்து என்று அப்பட்டியல் வகுத்திருக்கிறது. திருவாதிரையின் மூன்றாம் பாதத்திற்கு ‘ங’. பூரத்திற்கு ‘மோ’ ஒன்று நீங்கலாக ட, டி, டு. டகரமும் ஙகரமும் சொல்லின் முதலில் வாரா என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. தமிழில் தொடங்க இயலாத எழுத்தைக் கொடுத்துவிட்டுத் தமிழ்ப் பெயர் வை என்றால் பெற்றோர் என் செய்வர்? ‘டி’யில் தொடங்கிச் ‘சன்’னிலும் ‘சிகா’விலும் முடியும் ஓர் ஒலியைத் தாமே கட்டிக்கொள்கின்றனர். அதற்குத் தமிழிலும் பொருள் இல்லை, வடமொழியிலும் இல்லை, கிரேக்கத்திலும் இல்லை. நட்சத்திரத்தின் பெயரால் தொடங்கிய சடங்கு, நட்சத்திரத்தையே எறிந்துவிட்டு எழுத்தை மட்டும் ஏந்தி நிற்கிறது. சோதிடத்தைப் பழிப்பது எமது நோக்கமன்று. பூரத்தில் பிறந்தவளுக்குப் பூரணி என்று பெயரிட்டால் எந்தக் கிரகம் கோபிக்கும் என்றே கேட்கிறோம்.

பெயர் என்பது மலையகத் தமிழனுக்கு வெறும் அலங்காரம் அன்று. கண்டி அரியணையில் 1798ஆம் ஆண்டு ஏறிய கண்ணுசாமி, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆனான். அரசன் விரும்பியவாறு பெயர் மாறினான். தோட்டத் தொழிலாளியின் பெயரோ பிறர் விரும்பியவாறு மாறியது. செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர்! இராமாயி ராமை ஆனாள். ராமை ரமாய் ஆனாள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், உன் தந்தை இந்நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டது. அத்தாட்சி இல்லாதார் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். பத்திரம் இருந்தவருக்கும் பெயர்ப் பிழை புதிய தடையாயிற்று. நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்றும் ஓர் எழுத்துப் பிழைக்காகச் சத்தியக் கடதாசி முடித்து, ஒரு நாட் கூலியை இழந்து, கச்சேரி வாசலில் காத்து நிற்கும் தாயரை நாம் காண்கிறோம்.

அன்று நம் பெயரைச் சிதைத்தவர் பிறர். இன்று சிதைப்பவர் நாமே! எந்த எழுத்தில் எழுதுவதென்று தந்தைக்கே தெளிவில்லாத பெயரை, மும்மொழிப் பதிவுகளில் பிழையின்றி எழுதுவார் யார்?

2019ஆம் ஆண்டு சர்வதேச வானியல் சங்கம் ஒவ்வொரு நாட்டிற்கும் ஒரு விண்மீனையும் அதனைச் சுற்றும் கோளையும் பெயரிடுமாறு அளித்தது. இலங்கை விண்மீனுக்குச் ‘சாமய’ என்றும் கோளுக்குச் ‘சமகிய’ என்றும் பெயரிட்டது. சமாதானம், ஒற்றுமை என்பன அவற்றின் பொருள். நல்ல பெயர்களே, மகிழ்கிறோம். ஆயினும் இரண்டும் சிங்களச் சொற்கள். இரண்டில் ஒன்று தமிழாய் இருந்திருந்தால் ஒற்றுமை வானத்திலேனும் முழுமை பெற்றிருக்குமன்றோ? பெயரிடும் உரிமையின் அருமையை இது உணர்த்துகிறது. வானத்து மீனுக்குப் பெயரிடும் வாய்ப்பு நமக்குக் கிட்டவில்லை. நம் வீட்டு மீனுக்குப் பெயரிடும் உரிமையை யாரும் பறிக்கவில்லை. அதை நாமே ஏன் எழுத்துப் பட்டியலிடம் ஒப்படைக்க வேண்டும்?

பெற்றோரை நாம் வேண்டுவன மூன்று. பெயருக்குப் பொருள் இருக்கட்டும். குழந்தை கேட்கும்போது சொல்ல ஒரு கதை இருக்கட்டும். படிப்பறியாத பாட்டியும் அழைக்கக் கூடியதாய், எவரும் பிழையின்றி எழுதக் கூடியதாய் இருக்கட்டும். ஆதிரை, கார்த்திகா, ரோகிணி, சித்திரா, அருந்ததி, துருவன், கதிரவன், மதி என வானம் முழுவதும் பெயர்கள் இறைந்து கிடக்கின்றன. ரோகிணியைச் சிங்கள அயலாரும் தம் பெயராக அறிவர்.

ஒரு நாள் உங்கள் மகள், “அம்மா, என் பெயருக்குப் பொருள் என்ன?” என்று கேட்பாள். லயத்து வாசலில் நின்றாலும் சரி, மாடி வீட்டு முற்றத்தில் நின்றாலும் சரி, அன்றிரவு வானத்தைச் சுட்டிக்காட்டி, “அதோ, அதுதான் நீ” என்று சொல்லக் கூடிய தாயே தன் குழந்தைக்குப் பெயர் வைத்தவள்.