கப்பலை எண்ணினால் போதுமா? ஒரு ஸ்டார் ட்ரெக் த்ரெட்

1/ நைட் ட்யூட்டி முடிஞ்சு வந்து தூக்கம் வராதப்போ நான் படிக்கிறது ஸ்டார் ட்ரெக் ரசிகர்களோட சண்டைகளைத்தான். அதுல ஒண்ணு கால் நூற்றாண்டுக்கும் மேல ஓடுது. 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடர்ல வர்ற பெரிய விண்வெளிப் போர்ல ஒரு பக்கம் 600 கப்பல். அது கம்மியா, ஜாஸ்தியா?

2/ "கற்பனைக் கதைக்கு எதுக்கு இவ்ளோ கணக்கு?"ன்னு சிரிக்கிறவங்க உண்டு. நான் அந்தக் கட்சி இல்ல. இந்தச் சண்டை தேவையான சண்டைதான். ஆனா ரெண்டு தரப்பும் எண்ண வேண்டியதை எண்ணலைங்கறதுதான் என் குறை. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

3/ தொடர் பார்க்காதவங்களுக்கு: ஃபெடரேஷன்னா 150க்கும் மேற்பட்ட உலகங்கள் சேர்ந்த கூட்டமைப்பு. 8,000 ஒளியாண்டு தூரம் பரவியிருக்கு. அதோட எதிரி டொமினியன். 1997ல் வந்த எபிசோட்ல, பறிகொடுத்த விண்வெளி நிலையத்தை மீட்க ஃபெடரேஷன் சுமார் 600 கப்பலோட கிளம்பும். எதிர்ல நிக்கிறது 1,254 கப்பல்.

4/ முதல் தரப்பு சொல்றது: 150 உலகத்துக்கு 600 கப்பல்னா, உலகத்துக்கு நாலு. இதை வெச்சு 8,000 ஒளியாண்டை எப்படிக் காக்கறது? ரொம்பக் கம்மி. இதுக்கு எளிய பதில் இருக்கு. அந்த 600 ஒரே ஒரு தாக்குதலுக்குத் திரட்டினது. மொத்தப் படையும் இல்ல.

5/ இரண்டாம் தரப்பு இதுக்கு நேர் எதிர். அவங்க ஆதாரம் 1990ல் வந்த 'உல்ஃப் 359' போர். (உல்ஃப் 359 நிஜமான நட்சத்திரம். நம்மகிட்டேர்ந்து சுமார் 7.9 ஒளியாண்டு.) அங்கே போர்க் இனத்தோட ஒரே ஒரு கப்பலை 40 கப்பல் எதிர்க்கும். 39 அழியும். அதுக்கே மொத்த ஃபெடரேஷனும் ஆடிப்போகும். இழப்பைச் சரிக்கட்ட ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும்னு பேசுவாங்க. கதைக் கணக்குல ஏழே வருஷம் கழிச்சு 600 எங்கேர்ந்து வந்துச்சு?

6/ அப்புறம் கணக்குப் புலிகள் வருவாங்க. முதல் உலகப் போர் சமயத்துல லான்செஸ்டர்னு ஒரு ஆங்கிலேயப் பொறியாளர் ஒரு விதி சொன்னார். ரெண்டு பக்கமும் தரம் சமமா இருந்தா, படையோட பலம் எண்ணிக்கையோட வர்க்கமா கூடும். 1,254ஐ 600ஆல வகுத்தா ரெண்டு மடங்குக்குச் சற்று மேல. பலத்துல அது நாலு மடங்குக்கும் மேல ஆயிடும்.

7/ அந்தக் கணக்குப்படி கடைசிவரை மோதினா, 600 கப்பலும் அழியறப்போ டொமினியன் இழக்கறது 150 சொச்சம்தான். கதையிலயும் ஃபெடரேஷன் நேர்ச் சண்டையில ஜெயிக்கல. க்ளிங்கான்கள் வந்து சேர்றாங்க. எதிரிக்கு வர வேண்டிய துணைப்படையை வேற ஒரு சக்தி மறைச்சிடுது. எழுதினவங்களுக்கும் கணக்கு தெரிஞ்சிருக்கு.

8/ இதெல்லாம் ரசிச்சுப் படிப்பேன். ஆனா என் கண்ணு போய் நிக்கிறது வேற ஒரு எண்ல. உல்ஃப் 359ல் 39 கப்பலோட ஏறக்குறைய 11,000 உயிர் போச்சுன்னு பின்னாடி ஒரு எபிசோட்ல சொல்வாங்க. வகுத்துப் பாருங்க. கப்பலுக்கு சுமார் 282 பேர். எண்டர்ப்ரைஸ் கப்பல்ல மட்டுமே ஆயிரம் பேருக்கு மேல இருப்பாங்க. அப்ப 11,000 கம்மியா?

9/ டாக்டருங்க இங்கதான் டினாமினேட்டரைத் தேடுவோம். அதாவது கீழே இருக்கற எண். "அந்த வார்டுல 10 பேர் இறந்துட்டாங்க"ன்னா, எத்தனை பேர் அட்மிட் ஆனாங்கன்னு தெரியாம அந்தப் பத்துக்கு அர்த்தமே இல்ல. இங்கேயும் அதே கேள்விதான். கப்பல்ல எத்தனை பேர் இருந்தாங்க? எத்தனை பேர் தப்பிச்சாங்க?

10/ நிஜத்துல ஒரு உதாரணம். 1916, ஜட்லாந்து கடற்போர். பிரிட்டன், ஜெர்மனி ரெண்டும் சேர்த்து சுமார் 250 கப்பல். பிரிட்டன் இழந்தது 14, ஜெர்மனி இழந்தது 11. பிரிட்டிஷ் தரப்புல இறந்தவங்க 6,094 பேர். காயம்பட்டவங்க எத்தனை பேர் இருக்கும்னு நினைக்கிறீங்க? வெறும் 674.

11/ முதல் தடவை படிச்சப்போ எண்ணை மாத்திப் போட்டுட்டாங்கன்னே நினைச்சேன். நிலத்துல நடக்கற போர்ல பொதுவா காயம்பட்டவங்கதான் அதிகம். கடல்ல கப்பல் வெடிச்சா, காயத்தோட கரை சேர வழியே கிடையாது. இன்வின்சிபிள் கப்பல்ல 1,026 பேர் இறந்தாங்க. பிழைச்சவங்க 6 பேர்.

12/ விண்வெளி கடலைவிட மோசம். தப்பிக்கற கலம் ஒண்ணுதான் வழி. 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரே அப்படித்தான் தொடங்கும். உல்ஃப் 359ல் சிஸ்கோவும் அவர் பையனும் தப்பிப்பாங்க, மனைவி கப்பலோட போயிடுவாங்க. அப்ப 11,000ங்கறது தப்பிச்சவங்க போக மிச்சம். எல்லாக் கப்பலும் எண்டர்ப்ரைஸ் அளவு பெரிசும் இல்ல. அந்த எண் எனக்குப் பொருத்தமாவே படுது.

13/ இப்ப என் குறைக்கு வர்றேன். டொமினியன் போர்ல ஏழாவது படைப்பிரிவுன்னு 112 கப்பல் போகும். திரும்பி வர்றது 14. அதாவது 98 கப்பல் காலி. உல்ஃப் 359ஐப் போல ரெண்டரை மடங்கு! ஆனா அங்கே எத்தனை பேர் இறந்தாங்கன்னு எண் சொல்ல மாட்டாங்க. கப்பலுக்கு 282ன்னே வெச்சாலும் 27,600 பேர்.

14/ 39 கப்பல் போனப்போ மனுஷங்களை எண்ணினாங்க. 98 போனப்போ கப்பலை எண்ணினாங்க. சாவு பெருகப் பெருக எண்ற அலகு மாறிடுது. கதாசிரியர்கள் தெரிஞ்சு செஞ்சாங்களான்னு எனக்குக் கவலை இல்ல. நானே அதைச் செஞ்சிருக்கேன்.

15/ 2020 மார்ச்ல கொரோனா நோயாளி ஒவ்வொருத்தரும் எங்கேர்ந்து வந்தார், வீட்ல யார் யார் இருக்காங்கன்னு எங்களுக்கு மனப்பாடம். 2021 மே மாசம், ட்யூட்டிக்குப் போனதும் நான் கேட்ட முதல் கேள்வி: "ஆக்சிஜன் பெட் எத்தனை காலி?" ஒரு பெட் காலின்னு சிஸ்டர் சொன்னா, அது எப்படிக் காலியாச்சுன்னு கேக்கறதை நிறுத்திட்டேன். அன்னிக்கு நான் எண்ணினதும் கப்பலைத்தான்.

16/ வேற வழியில்லாமத்தான் அப்படி எண்ணினோம். பெட்டை எண்ணலைன்னா அடுத்த நோயாளியைக் காப்பாத்த முடியாது. தளபதியும் கப்பலை எண்ணித்தான் ஆகணும். ஆனா கப்பல் இருக்கும், இல்ல அழிஞ்சிருக்கும். மனுஷனுக்கு நடுவுல நிறைய நிலைமை இருக்கு. கப்பல் கணக்குல அது எதுவும் வராது.

17/ இதே தொடர் 1998ல் அதைக் காட்டுச்சு. ஏஆர்-558ங்கற இடத்தைப் பிடிக்க 150 பேர் போவாங்க. அஞ்சு மாசத்துல மிச்சம் 43 பேர். அங்கே நாக்ங்கற இளம் அதிகாரிக்குக் கால் போயிடும். செயற்கைக் கால் பொருத்துவாங்க. அது நல்லாத்தான் வேலை செய்யும், ஆனா வலி போகாது. டாக்டர்கள் தேடியும் காரணம் கிடைக்காது. ஒரு முழு எபிசோடே அந்த ஒருத்தரைப் பத்தித்தான்.

18/ விபத்துல கால் எடுத்தவரை ரிவ்யூவுக்கு வரும்போது பார்த்த எந்த டாக்டருக்கும் அந்த எபிசோட் புரியும். தையல் ஆறியிருக்கும். ஆள் ஆறியிருக்க மாட்டார். 1,254 கப்பல் வந்த எபிசோடைவிட, ஒரே ஒரு கால் போன அந்த எபிசோட்தான் எனக்குப் போர்னா என்னன்னு சொல்லிச்சு.

19/ அதனால ரசிகர்களே, சண்டையை நிறுத்தாதீங்க. இன்னும் மூணு கேள்வி சேர்த்துக்கோங்க. கப்பல்ல எத்தனை பேர்? எத்தனை பேர் வெளியே வந்தாங்க? வந்தவங்களைப் பார்க்க எத்தனை டாக்டர், எத்தனை பெட்? 600 கம்மியா ஜாஸ்தியாங்கறதை அதுக்கப்புறம் பேசலாம். நிஜப் போர்ச் செய்தி வரும்போதும் இதே கேள்விகளைக் கேளுங்க. "இத்தனை டாங்கி, இத்தனை விமானம் காலி"ன்னு வர்ற வரிக்குள்ளயும் ஆளுங்க இருக்காங்க.

20/ ஏஆர்-558 கதையோட கடைசியில இறந்தோர் பட்டியல் வரும். 1,730 பேர். நிறையப் பேர்கள்னு கர்னல் கிரா சொல்வாங்க. அது வெறும் பேர்கள் இல்லைங்கறதுதான் சிஸ்கோவோட பதில். அந்தப் போர்ல மொத்தம் எத்தனை கப்பல்னு எனக்கு இன்னும் சரியாத் தெரியாது. 1,730 மட்டும் மறக்கல.