மூக்குக்கு எந்தக் கேட்டகரி?

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் கோவிட் பேச்சு எடுத்தால் இன்றைக்கும் முதல் கேள்வி இதுதான்: "ஆக்ஸிஜன் எவ்வளவுக்கு இறங்கிச்சு அண்ணாச்சி?" 86 என்று சொல்பவருக்குத் தனி மரியாதை. 80-க்குக் கீழே போய்த் திரும்பி வந்தவர் என்றால் டீக்கடை பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். என்னுடைய எண் 97. அதைச் சொன்னதும் பேச்சு அடுத்த ஆளுக்குத் தாவிவிடும்.

97-காரர்கள் சார்பாகத்தான் இதை எழுதுகிறேன். நம் ஊர்களில் பெரும்பாலானவர்கள் அந்தக் கட்சிதான்.

கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி, காந்தி பார்க்கைத் தாண்டிச் சாலைக்குள் நுழைந்தால் வரிசையாகப் பலசரக்குக் கடைகள். திவான் ராஜா கேசவதாசன் காலத்தில் அமைந்த அங்காடி என்று சொல்வார்கள். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல இங்கே தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கின்றன. எங்களுடையதும் அப்படி ஒன்று. மிளகு, மல்லி, வத்தல், சீரகம், ஏலம், கிராம்பு, பெருங்காயம். அப்பா எனக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததற்கு முன்னால் மோந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தார். சாக்கில் குத்தூசியைச் செருகி நாலு மணி உருவி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனால் போதும். ஈரம் ஏறியதா, பழைய சரக்கோடு புதுசைக் கலந்திருக்கிறானா, குடோனில் பூசணம் பிடித்ததா என்று தெரிந்துவிடும். மிளகுக்கு லிட்டர் வெயிட் பார்க்கிற வழக்கம் உண்டு. தராசு பொய் சொல்லாது என்பார்கள். மூக்குக்கு அப்புறம்தான் தராசு என்பது எங்கள் வீட்டுக் கட்சி.

2020 அக்டோபரில் எனக்கு வந்தது. கேரளத்தில் ஒரே நாளில் பத்தாயிரம் பேருக்கு மேல் தொற்று என்ற கணக்கு முதல்முறை வந்த மாதம் அது. பத்மநாபசாமி கோயிலில் அர்ச்சகர்கள் சிலருக்கும் தொற்று உறுதியாகி, சில நாள் தரிசனத்தையே நிறுத்திவைத்திருந்தார்கள். எனக்குக் காய்ச்சல், உடம்புவலி, முதுகுத்தண்டில் இறங்குகிற ஒரு குடைச்சல். ஆன்டிஜன் டெஸ்ட்டில் பாசிட்டிவ். கேட்டகரி ஏ என்று எழுதினார்கள். ஏ என்றால் லேசான தொண்டைவலி, இருமல், சளி. பி என்றால் காய்ச்சல் கூடுதல், அல்லது சர்க்கரை மாதிரி வேறு சீக்கும் கூடவே. சி என்றால் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம். குளியலறையோடு சேர்ந்த அறை வீட்டில் இருந்ததால் அங்கேயே அடைந்துகிடக்க அனுமதி. தினமும் காலையில் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் கூப்பிடுவார். "ஸ்வாசம்முட்டல் உண்டோ, சேட்டா? சாச்சுரேஷன் எத்ர?" மூச்சுத்திணறல் உண்டா, ஆக்ஸிஜன் எவ்வளவு என்று அர்த்தம். 97 என்பேன். "பேடிக்கண்டா, மைல்ட் ஆணு", அதாவது பயப்பட வேண்டாம், லேசுதான் என்று சொல்லி வைத்துவிடுவார். அந்தக் குரலை நான் குறைசொல்ல மாட்டேன். அன்றைக்கு அவருக்கு எத்தனை வீடுகள் பாக்கியோ, அதற்கு நடுவில் சேட்டா என்று கூப்பிட்டுக் கேட்டதே பெரிசு.

காய்ச்சல் விட்ட பிறகு ஒருநாள் வீட்டுக்காரி ரசத்துக்குப் பெருங்காய டப்பாவைத் திறந்தாள். கதவு இடுக்கு வழியாக எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கடைக்கு வருகிற கட்டிப் பெருங்காயம் காகிதம், பிளாஸ்டிக், தகரம் எதற்கும் அடங்காது. அதை ஏற்றிவந்த ஆட்டோவில் மறுநாள் ஏறுகிறவர்கூட முகம் சுளிப்பார். டப்பாவை அறைக்குள் தரச் சொல்லி மூக்கில் முட்டுகிற மாதிரி வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெறும் காற்று.

அப்புறம் கடைக்குத் திரும்பினேன். தரகர் மிளகுச் சாம்பிளைக் கையில் கொட்டுகிறார். பழக்கத்தில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோகிறேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். நான் என்ன சொல்ல? ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தேன். காரம் சுள்ளென்று ஏறியது, ஆனால் மிளகு வரவில்லை. இதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: காரம் ஒரு ருசியே இல்லை, அது எரிச்சல், அதைக் கொண்டுபோகிற நரம்பு வேறு. அதனால் உப்பு, புளிப்பு, இனிப்பு, காரம் எல்லாம் நாக்கில் இருக்கும். மல்லிக்கும் சீரகத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் போய்விடும். என் தொழிலே அந்த வித்தியாசத்தில்தான் ஓடுகிறது. கடையில் நிற்கிற வள்ளியூர்ப் பையனைத்தான் கூப்பிட்டேன். "ஏலே, மோந்து பாத்துச் சொல்லு." அவன் கெட்டிக்காரன். ஆனாலும் தரகர்கள் அவன் முகத்தைப் பார்த்து விலை சொல்லப் பழகினார்கள். முதலாளி என்ற பெயர் எனக்கு, தீர்ப்பு அவனுக்கு.

மூக்கு ஏன் போகிறது என்பதற்கு 2020-லேயே ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். மணத்தை மூளைக்குக் கொண்டுபோகிற நரம்புச் செல்களை வைரஸ் நேரடியாகத் தொடுவதில்லை. அவற்றைத் தாங்கி நிற்கிற துணைச் செல்களில்தான் அது நுழைவதற்கான வாசல் இருக்கிறது. துணைச் செல்கள் புதுசாக முளைத்ததும் பலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் மணம் திரும்பிவிடும். சிலருக்குக் கோணலாகத் திரும்பும்.

எனக்குக் கோணல். தைப்பொங்கல் வாக்கில் காப்பி எரிந்த ரப்பராக வாடை அடிக்கத் தொடங்கியது. வெங்காயம் வதக்கினால் வீட்டில் நிற்க முடியாது. வாங்கி வைத்த புது ஏலம் அழுகல். 2021 பிப்ரவரியில் ஆற்றுக்கால் பொங்கலை வீட்டு முற்றத்திலேயே வைக்கச் சொல்லியிருந்தார்கள். வழக்கமாக அன்றைக்குக் கிழக்கேகோட்டை முழுக்கச் செங்கல் அடுப்பும் புகையும்தான். அந்த வருஷம் ரோடு காலி. எங்கள் சந்தில் மட்டும் வீட்டுக்கு வீடு ஒரு பானை. வெல்லமும் நெய்யும் பொங்குகிற நேரத்தில் நான் குமட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பக்கத்து வீட்டு மாமி, "என்னாச்சு இவருக்கு, சாமி கும்பிட வராம?" என்று கேட்டது காதில் விழுந்தது. வீட்டுக்காரி ஏதோ சமாளித்தாள். அவள் போட்ட இன்னொரு சட்டம்: நான் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. சிலிண்டர் கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள்; அதைக் கண்டுபிடிக்க முடியாத ஆள் தீப்பெட்டியை எடுக்கலாமா?

ஒரு மருத்துவரிடம் போனேன். நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "உயிர் பிழைச்சிருக்கீங்க, மூக்குக்குப் போய் இத்தனை கவலையா?" என்று சிரித்தார். அந்தக் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. அரசுக் கணக்குப்படியே கேரளத்தில் 70,000-க்கும் மேற்பட்டவர்கள் செத்திருக்கிறார்கள். என் சொந்தத்திலும் உண்டு. ஆனால் சாவோடு ஒப்பிட்டால் எந்த நோய்தான் லேசு இல்லை? சாவைத் தவிர வேறெதையும் கணக்கில் வைக்க மாட்டோம் என்றால் வைத்தியம் எதற்கு?

பிறகு வேறொரு மருத்துவர்தான் வழி சொன்னார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர் தாமஸ் ஹும்மல் 2009-ல் எழுதிய முறை. ரோஜா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. இந்த நாலையும் காலையிலும் மாலையிலும் நிதானமாக மோந்து பார்க்க வேண்டும், 12 வாரம், தேவைப்பட்டால் அதற்கு மேலும். செலவு என்று ஒன்றுமில்லை. கிராம்பு என் கடையிலேயே மூட்டையாகக் கிடக்கிறது, ரோஜா தோவாளையிலிருந்து தினம் பூவண்டியில் வருகிறது. இதை முதல் மாதமே யாராவது போனில் சொல்லியிருந்தால் என்ன? கேட்கிற இரண்டு கேள்விகளோடு மூன்றாவதாக "மணம் தெரியுதா, சேட்டா?" என்று சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

நோயின் கடுமை என்று நாம் எழுதி வைத்ததும், பட்டவர்கள் பட்டதும் வேறுவேறு என்பதற்கு என் மூக்கை விட நல்ல சாட்சி ஒருவர் உண்டு. எங்கள் கடைக்குச் சுமை இறக்குகிற தொழிலாளி. 2021 மே மாதம், கேரளம் முழுக்க ஊரடங்கு, திருவனந்தபுரத்துக்கு அதற்கு மேல் மும்மடங்குப் பூட்டு (டிரிப்பிள் லாக்டவுன்) என்று இருந்த நேரத்தில் விழுந்தார். சந்தேகமே இல்லாத சி. ஐசியூ, ஆக்ஸிஜன், எல்லாம். பிழைத்து வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் ஓர்மையில்ல அண்ணாச்சி. அவகிட்ட கேளுங்க" என்று மனைவியைக் காட்டினார். அந்த அம்மாவுக்கு எல்லாம் ஓர்மை இருந்தது. உள்ளே விட மாட்டார்கள். ராத்திரி செல்போனைத் தலையணைக்குக் கீழே வைத்தால் கேட்காமல் போய்விடுமோ என்று கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தெரியாத நம்பர் எது வந்தாலும் எடுக்கும் முன்னால் கை விரைத்துவிடுமாம். இப்போதும் அப்படித்தானாம், பேங்க்காரன் லோன் வேண்டுமா என்று கூப்பிட்டால்கூட. அவருக்குத் தொற்றே வரவில்லை. எந்தக் கேட்டகரியிலும் அவர் இல்லை.

2020 ஜூலையை நினைத்தால் இன்னொரு கூட்டமும் ஞாபகம் வரும். மாநகராட்சி எல்லைக்கு 6-ஆம் தேதியிலிருந்து மும்மடங்குப் பூட்டு. பூந்துறையில் சமூகப் பரவல் என்று முதலமைச்சரே அறிவித்தார். அதே மாதம் அட்டக்குளங்கரைப் பக்கம் ஒரு பெரிய துணிக்கடையில் வேலைபார்த்தவர்களுக்குக் கூட்டமாகத் தொற்று வந்தது. பலர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். அந்த மாதிரிப் பிள்ளைகள் தங்குவது ஒரு ஹாலில் பத்துப் பாய். நிறையப் பேருக்குத் தும்மல்கூட இருக்காது, எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கும். ஆனால் களியக்காவிளை எல்லை பாஸ் இல்லாமல் திறக்காது, ஊரில் அம்மாவுக்குப் போன் போட்டால் அழுகை, அக்கம்பக்கத்தில் ஜன்னலைச் சாத்துகிற சத்தம். பூந்துறை மீன்காரப் பெண்களை நகரம் பார்த்த பார்வையும் அதுதான். உடம்பில் ஒன்றுமில்லாமலே மனுஷனைக் கிடத்திவிட்ட நோய் இது. எனக்கு 2022 ஜனவரியில் ஒமிக்ரான் அலையில் இரண்டாம் தடவை வந்தது. தொண்டையில் வத்தல் பொடி தூவின மாதிரி நாலைந்து நாள், அவ்வளவுதான். யாரும் ஜன்னல் சாத்தவில்லை, யாரும் போனும் செய்யவில்லை. முந்தினதில் பாதிப் பாரம் பயம் என்று அப்போதுதான் பிடிபட்டது.

ஆக, ஆக்ஸிஜனுக்கு 94, 90 என்று கோடு கிழித்தது தப்பா? இல்லவே இல்லை. கட்டில் பத்து, ஆள் நூறு என்றால் யாருக்கு முதலில் என்று சொல்ல ஒரு கோடு வேண்டும். அது கட்டில் பங்கிடுவதற்கான கோடு. கட்டில்கள் காலியான பிறகும் அதையே பிடித்துக்கொண்டு, யாருக்கு என்ன போயிற்று என்று அளக்கிறோமே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே கோவிட்டுக்குப் பிந்தைய நிலைக்கு ஒரு வரையறை கொடுத்துவிட்டது: பெரும்பாலும் தொற்று வந்து மூன்று மாதத்துக்குள் தெரிகிற, இரண்டு மாதமாவது நீடிக்கிற, வேறு காரணம் சொல்ல முடியாத தொல்லைகள். முதலில் லேசாக வந்தவர்களுக்கும் இது உண்டு. கேரளம் அதற்கு முன்னாலேயே கோவிட்டுக்குப் பிந்தைய கிளினிக்குகளைத் திறந்தது, நல்ல காரியம். ஆனால் அங்கே போவதற்கு, தனக்கு இருப்பது ஒரு நோய் என்று ஒருவனுக்கு முதலில் தெரிய வேண்டும். லேசு லேசு என்று கேட்டுப் பழகியவன் போக மாட்டான். சாலையில் என் வயதுக்காரர்கள் பலர் மாடி ஏறினால் மூச்சு வாங்குவதற்கு வயதையும், பேர் மறந்துபோவதற்குக் கவலையையும் காரணமாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள்.

கேட்பதற்கு ஆள் இல்லாமல் இல்லை. கேரளத்தில் ஆஷா பணியாளர்கள் 'ஷைலி' செயலியோடு வீடு வீடாக வந்து, 30 வயது தாண்டியவர்களிடம் சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் விசாரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' வாசலுக்கு வருகிறது. இரண்டிலும் இரண்டு கேள்வி சேர்க்கட்டும்: அந்தக் காய்ச்சலுக்கு முன்னால் செய்த வேலையை இப்போது செய்ய முடிகிறதா, முடியவில்லை என்றால் எது முடியவில்லை? சுமட்டுத் தொழிலாளிக்கும் கடைச் சிப்பந்திக்கும் வியாபாரிக்கும் இங்கே தனித்தனி நல வாரியங்கள் இருக்கின்றன, சந்தா கட்டுகிறோம். அடுத்த தொற்று வரும்போது, ஆஸ்பத்திரியில் கிடந்த நாளுக்கு மட்டும் இல்லாமல், வேலைக்குத் திரும்ப முடியாத நாளுக்கும் வாரியம் பணம் தர வேண்டும் என்று விதியை இப்போதே எழுதி வைக்கட்டும். தோள் போனவருக்குத் தோள், கண் போன தையல்காரருக்குக் கண், எனக்கு மூக்கு என்று அவரவர் தொழிலை வைத்துத்தான் அந்த முடியாமையை அளக்க வேண்டும். ஆக்ஸிஜன் எண்ணை வைத்து இல்லை. இதைச் சாலை வியாபாரிகள் கூட்டத்தில் நான் ஒருமுறை சொன்னேன். பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேரில் இரண்டு பேர் கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து, கிராம்பை எத்தனை நேரம் மோந்து பார்க்க வேண்டும் என்று விசாரித்தார்கள்.