டயரில் ஒரு கொப்புளம்

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை செல்லும் சாலையில் மத்தூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பிரயாணிகளில் பெரும்பாலோர் அதை வண்டியின் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. என் மைத்துனருக்குக் காப்பித் தாகம் எடுத்திராவிட்டால் நாங்களும் அப்படித்தான் கடந்து போயிருப்போம். அந்தக் காப்பியின் ருசியைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் அதற்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

திருவண்ணாமலையில் ஒரு கல்யாணத்தை முடித்துக் கொண்டு ஓசூருக்குத் திரும்பிக் கொண்டிருந்தோம். நான், என் மனைவி, மைத்துனர், அவருடைய இரண்டு குழந்தைகள், ஒரு கூடைப் பட்சணம் — இவ்வளவும் வண்டியில் பாரம். வழியில் ஒரு பள்ளத்தில் சக்கரம் விழுந்து 'தடால்' என்று எழுந்தது. "ஒன்றுமில்லை" என்று எல்லோரும் ஏகமனதாய்த் தீர்மானம் செய்துவிட்டு, பழையபடி பேச்சில் ஆழ்ந்தோம்.

மத்தூரில் இறங்கியதும் மைத்துனரின் பெண், "மாமா! டயருக்குக் கொப்புளம் வந்திருக்கிறது!" என்று கூவினாள். இடது பின் சக்கரத்தின் பக்கவாட்டில், பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல் ஒரு வீக்கம்.

மைத்துனர் அதை அலட்சியமாய்ப் பார்த்தார். "டயர் வாங்கி எட்டு மாதம் ஆகவில்லை, மாப்பிள்ளை. பட்டன் எல்லாம் புத்தம் புதிதாய் இருக்கிறது. கிருஷ்ணகிரியை அடைந்துவிட்டால் அப்புறம் ராஜபாட்டைதான். வேண்டுமானால் காற்றைக் கொஞ்சம் குறைத்துக் கொண்டு மெள்ளப் போகலாம்" என்றார்.

பக்கத்துப் பங்க்சர் கடையிலிருந்த பெரியவர் இதைக் கேட்டுக் கொண்டிருந்தார். அருகில் வந்து வீக்கத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். "காற்றைக் குறைத்தால் இன்னும் சீக்கிரமாய்ப் போய்விடும், ஐயா. உள்ளே நூல் அறுந்திருக்கிறது. இனி இதில் குழந்தைகளை வைத்து ஓட்டாதீர்கள்" என்றார்.

பெரியவர் சொன்னது முற்றும் உண்மை. டயரின் பலமெல்லாம் ரப்பரில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். ரப்பர் வெறும் போர்வைதான். காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது உள்ளே ஓடும் நூல்கள். தரையைத் தொடும் பாகத்தில் நூலுக்கு மேலே எஃகுக் கம்பிப் பட்டைகளும் காவலுக்கு இருக்கின்றன. பக்கவாட்டில் அந்தக் காவல் கிடையாது. சாதாரணக் காரின் டயரில் அங்கே ஒன்று அல்லது இரண்டு அடுக்கு நூல்தான். பள்ளத்தின் விளிம்புக்கும் சக்கரத்தின் இரும்புக்கும் நடுவே டயர் நசுங்கும்போது அந்த நூல் அறுகிறது. அறுந்த இடத்தில் காற்று ரப்பரை மட்டும் வெளியே தள்ளுகிறது. அதுதான் கொப்புளம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். எங்கள் சக்கரத்தின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அந்தத் தூரத்தில் மட்டுமே அந்தக் கொப்புளம் சுமார் 26,000 தடவை நசுங்கி நிமிர வேண்டும்! காற்றைக் குறைத்தால் ஒவ்வொரு தடவையும் அதிகமாய் நசுங்கும், சூடும் ஏறும். "பின் சக்கரந்தானே?" என்று சமாதானம் சொல்வாரும் உண்டு. வேகமாய்ப் போகையில் பின் டயர் வெடித்தால் வண்டியின் வால் பக்கம் அப்படியே சுழன்று திரும்பக் கூடும். முன் டயருக்கு அது எந்த விதத்திலும் இளைத்ததல்ல.

இதற்காக, டயரில் எந்தக் கீறலைக் கண்டாலும் பயந்து நடுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நடைபாதைக் கல்லில் உரசி, ரப்பர் மேலாகத் தேய்ந்திருந்தால் பாதகமில்லை. வெட்டுப் பட்டிருந்தால் விரலால் மெதுவாக விரித்துப் பார்க்க வேண்டும். நூல் கண்ணில் பட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஸ்குரூ டிரைவரை விட்டு ஆழம் பார்க்கும் சாமர்த்தியசாலிகள் இருக்கிறார்கள். இல்லாத ஓட்டையை அவர்களே உண்டாக்கி விடுவார்கள். நூல் தெரியாத வெட்டானாலும், கடையில் டயரைக் கழற்றி உட்புறத்தையும் காட்டிவிடுவது நல்லது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில டயர்களின் பக்கத்தில் உட்புறமாக ஒரு சிறு பள்ளம் கோடு போல் தெரியும். பலர் இதைக் கண்டு கலவரப்படுகிறார்கள். நூல் அடுக்கின் இரு முனைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்த இடம் அது. அங்கே நூல் இரட்டிப்பாதலால் மற்ற இடத்தைப் போல் விரிவதில்லை. உள்ளே குழிந்தால் கவலையில்லை, வெளியே புடைத்தால் ஓட்டக் கூடாது.

வெயிலிலும் வயதிலும் விழும் நுண்ணிய வெடிப்புகள் வேறு சங்கதி. டயரின் பக்கத்திலேயே நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரத்தில் செய்தது என்று பொருள். வயதான டயரில் வெடிப்பும் ஆழமாயிருந்தால் பட்டனின் அழகைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் ஆணி ஏறினாலும் பங்க்சர் போடுவதற்கில்லை. ஓயாமல் மடங்கி நிமிரும் இடத்தில் எந்த ஒட்டும் நிலைக்காது.

நிற்க. ஸ்டெப்னியை எடுத்தோம். அதில் பாதிக் காற்றுக் கூட இல்லை! வண்டி வாங்கிய நாள் முதல் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவர் சிரித்துக் கொண்டே காற்றடித்து மாட்டிக் கொடுத்தார். எவ்வளவு காற்று என்பதை டிரைவர் பக்கத்துக் கதவை ஒட்டிய சீட்டில் பார்த்துத்தான் அடித்தார். டயரின் மேல் அச்சிட்டிருப்பது அது தாங்கக் கூடிய உச்ச அளவு. அவ்வளவும் அடிக்க வேண்டுமென்பதில்லை.

ஓசூரில் புது டயர் மாட்டுகையில் பழையதைக் கழற்றி உட்புறம் பார்த்தோம். விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு இருந்தது. தடவினால் நூல் பிரிந்திருப்பது நன்றாகத் தெரிந்தது. மைத்துனரும் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

கடைக்காரர் மட்டும் பேசினார். "இதை இங்கேயே விட்டுவிடுங்கள், ஸார். ஐந்நூறு ரூபாய் தருகிறேன்" என்றார். மைத்துனரின் முகம் மலர்ந்தது.

"இதை வாங்கி நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று என் மனைவி கேட்டாள்.

"பட்டன் நன்றாயிருக்கிறது, அம்மா. யாராவது மாட்டிக் கொள்வார்கள்."

டயரை வண்டியிலேயே போட்டுக் கொண்டு வந்து, கொப்புளம் இருந்த பக்கத்தை அரிவாளால் நீளக் கிழித்து விட்டோம். இப்போது கொல்லையில் அதற்குள் மண்ணிட்டுக் கீரை விதைத்திருக்கிறோம். கீரை பறிக்கும் போதெல்லாம் மைத்துனர் அந்த ஐந்நூறு ரூபாயை நினைவூட்டத் தவறுவதில்லை.