கணனிப் பக்கம்: கட்டி முடிந்தது, ஓடவில்லை!



வந்த நாட்டில் கணனி படித்து வேலை தேடும் எம்மவர் பலர் பைத்தன் மொழியை ஒருவாறு பிடித்துவிடுகிறார்கள். பின்னர், வேகத்துக்காக ஒரு பகுதியை சி மொழியில் எழுதிப் பைத்தனோடு இணைக்கும்படி பாடத்தில் வரும். அங்கேதான் விளங்காத பிழைச் செய்திகள் கொட்டும். "இது எனக்குச் சரிவராது" என்று வகுப்பை விட்டுவிடாதீர்கள். முதலில் ஒன்றைப் பாருங்கள்: பிழை கட்டும்போது வந்ததா, இம்போர்ட் செய்யும்போது வந்ததா?

கட்டும்போது வந்தால்:

கொம்பைலர் உங்கள் கோப்பை இயந்திர மொழிக்கு மாற்றும். லிங்கர் அதை வெளி நூலகங்களோடு இணைக்கும். 'பைத்தன்.எச்' கிடைக்கவில்லை என்றால் லிங்கரில் குற்றமில்லை. உபுண்டுவில் 'பைத்தன்3-டெவ்' பொதியை நிறுவிப் பாருங்கள். 'மைனஸ் எல்' என்பதோடு ஒரு பெயரைச் சொல்லிக் காணவில்லை என்றால், நூலகம் லிங்கருக்கு அகப்படவில்லை. சின்ன எல் நூலகத்தின் பெயர், பெரிய எல் அதன் விலாசம். விலாசம் எழுதாத கடிதம் போய்ச் சேருமா? பெயரை எழுதும்போது முன்னுள்ள 'லிப்', பின்னுள்ள '.எஸ்ஓ' இரண்டையும் விட்டுவிட வேண்டும்.

இம்போர்ட் செய்யும்போது வந்தால்:

லினக்ஸில் ஒரு நூலகத்தைக் குறிப்பிட மறந்தாலும் லிங்கர் பேசாமல் கட்டி முடித்துவிடும். பின்னர் இம்போர்ட் செய்யும்போதுதான் 'அன்டிஃபைன்ட் சிம்பல்' என்று பிழை தலைநீட்டும். விடுபட்ட நூலகத்தைச் சேருங்கள். அது சி பிளஸ் பிளஸில் எழுதியதென்றால், அந்தக் கொம்பைலர் பெயர்களை உருமாற்றிவிடும். 'எக்ஸ்டேர்ன் சி' என்று அறிவித்தால் பெயர் மாறாது.

நூலகக் கோப்பையே திறக்க முடியவில்லை என்றால், கட்டிய கோப்பின் மீது 'எல்டிடி' கட்டளையை ஓட்டுங்கள். 'நொட் ஃபவுண்ட்' என்று எதன் பக்கத்தில் நிற்கிறதோ, அதுதான் தொலைந்த நூலகம். அது இருக்கும் இடத்தை 'எல்டி_லைப்ரரி_பாத்' இல் சேர்த்து மீண்டும் முயலுங்கள்.

விண்டோஸ் பாவிப்போருக்கு: 2019 இல் வந்த பைத்தன் 3.8 முதல், இணைப்பு மொடியூலுக்கு வேண்டிய டிஎல்எல் கோப்புகள் 'பாத்' இல் தேடப்படுவதில்லை. 'ஓஎஸ்.அட்_டிஎல்எல்_டிரெக்டரி' மூலம் இடத்தைக் காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப நிறுவி ஒரு சனி, ஞாயிறைத் தொலைக்காதீர்கள். செய்தியை எழுத்துப் பிசகாமல் பிரதி எடுத்து ஆசிரியரிடம் காட்டுங்கள். "வேலை செய்யவில்லை" என்பதைவிட, "கட்டும்போது சரி, இம்போர்ட்டில் இந்தப் பெயர் இல்லை என்கிறது" என்று சொல்பவருக்கு உதவி விரைவில் கிடைக்கும்.