26 வருஷத் தாமதம்

1922-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 20-ந் தேதியன்று பாரிஸ் நகரத்துப் பெர்ஷிங் மைதானத்தில், லூசில் காட்போல்ட் என்னும் 22 வயது அமெரிக்க யுவதி இரும்புக் குண்டை ஒரு முறை வலக் கையாலும் ஒரு முறை இடக் கையாலும் எறிந்து, இரண்டும் சேர்ந்து 20.22 மீட்டர் தூரம் என்ற உலக சாதனையுடன் முதல் ஸ்தானம் பெற்றார். இரு கைத் தூரத்தையும் கூட்டிக் கணக்கிடும் இவ்வழக்கம் இன்று மறைந்துவிட்டது. அக்காலத்தில் அது விநோதமன்று. 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் பந்தயங்களில் ஆடவரும் அவ்விதமே எறிந்தனர். ஆனால் ஆடவர் எறிந்தது ஒலிம்பிக்கில். காட்போல்ட் அம்மையார் எறிந்ததோ ஒலிம்பிக் கமிட்டியார் கதவடைத்த பிறகு பெண்கள் தாமே கூட்டிய பந்தயத்தில். இந்த வித்தியாசத்தைப் பற்றியே நாம் இன்று எழுத முற்படுகிறோம்.

ஒலிம்பிக் பந்தயங்களைப் புதுப்பித்த கூபெர்டின் பிரபு, வெற்றி பெற்ற ஆடவருக்கு முடி சூட்டுவதே அவ்வரங்கில் பெண்களுக்குரிய பங்கு என்ற கொள்கையுடையவர். டென்னிஸ் ஆடலாம், நீந்தலாம். ஓடுதல், தாண்டுதல், எறிதல் ஆகியவை மட்டும் கூடா என்று கமிட்டியார் வரம்பு கட்டினர். ஏன் கூடா? தாய்மைக்குக் கேடு என்றனர் சிலர். பார்வைக்கு அழகன்று என்றனர் வேறு சிலர். குடம் சுமந்தும் களை பறித்தும் விறகு வெட்டியும் உலகெங்கும் குடும்பங்களைத் தாங்கி வந்த பெண்களின் தாய்மைக்கு அந்தப் பாரங்களால் கேடு வருமென்று இக்கனவான்கள் கவலைப்பட்டதாக நாம் கேள்விப்படவில்லை. கூலியில்லாத பாரம் உடம்புக்கு நல்லது, பரிசு கிடைக்கும் பாரம் தீது என்பது விசித்திரமான வைத்திய சாஸ்திரம்!

பிரான்ஸ் தேசத்து அலீஸ் மில்லியா அம்மையார் விண்ணப்பம் செய்து பார்த்தார், பலிக்கவில்லை. 1921-ல் சர்வதேசப் பெண்கள் விளையாட்டுச் சங்கத்தை ஸ்தாபித்தார். மறு வருஷமே, ஐந்து தேசத்துப் பெண்கள் பாரிஸில் ஒரே நாளில் 11 பந்தயங்களில் கலந்துகொண்டனர். பார்க்க வந்த ஜனங்கள் சுமார் 20,000 பேர். பெண்கள் ஓடுவதை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு அந்த ஜனத்திரளே பதில் சொல்லிவிட்டது.

அப்பொழுதுதான் பெரியவர்களுக்கு விழிப்பு வந்தது. அவர்களை முதலில் உறுத்தியது பந்தயமன்று, பெயர்! "பெண்கள் ஒலிம்பிக்" என்று எப்படி அழைக்கலாம் என்று ஆட்சேபித்தனர். முடிவில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1926-ல் ஸ்வீடனில் கோதன்பர்க் நகரில் கூடியபொழுது சங்கத்தார் அப்பெயரைக் கைவிட்டு, "பெண்கள் உலகப் பந்தயங்கள்" என்று வைத்துக்கொண்டனர். பதிலுக்கு 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்குக் கிடைத்தவை ஐந்தே ஐந்து பந்தயங்கள். தட்டு எறியலாம் என்றார்கள். குண்டு எறிதல் அவ்வைந்தில் இல்லை. தட்டை வீசும் கைக்குக் குண்டு மட்டும் எவ்வாறு ஆகாததாயிற்று என்பது அவர்களுக்கே வெளிச்சம். இந்த ஐந்து போதாதென்று பிரிட்டிஷ் பெண்கள் ஆம்ஸ்டர்டாமுக்கே செல்ல மறுத்தனர். அவர்கள் செய்தது முற்றிலும் சரி என்பது நமது அபிப்பிராயம்.

கொடுத்ததும் நிலைக்கவில்லை. அங்கே 800 மீட்டர் ஓட்டத்தின் முடிவில் பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுத, அந்த ஓட்டமே நீக்கப்பட்டு 1960 வரை திரும்பவில்லை. ஓடி முடித்த ஆடவர் களைத்து விழுந்தால் அது வீரம் என்று எழுதப்படுவது வழக்கம். பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நாம் இதை எழுத வெட்கப்படத்தான் வேண்டும்.

மில்லியா அம்மையார் இந்த ஒப்பந்தத்துக்கு இசைந்தது தவறா? பணமும் செல்வாக்கும் எதிர்ப்பக்கத்தில் இருக்கையில், கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு மிச்சத்துக்குப் போராடலாம் என்று அவர் எண்ணியிருக்கலாம். அவரை நாம் குறை கூறத் துணியோம். ஆயினும் பலன் என்ன? 1930-ல் பிராகிலும் 1934-ல் லண்டனிலும் பெண்கள் உலகப் பந்தயங்கள் நடந்தன. இரண்டிலும் பெண்கள் குண்டு எறிந்தனர். அதன் பின் அப்பந்தயங்கள் கூடவில்லை, சங்கமும் மறைந்தது. ஒலிம்பிக்கில் பெண்கள் குண்டு எறிதல் இடம் பெற்றது 1948-ல் லண்டனில்தான். காட்போல்ட் அம்மையாருக்கு அப்பொழுது வயது 48. தென் கரோலினாவில் ஒரு கல்லூரியில் தேகப் பயிற்சி கற்பித்துக் கொண்டிருந்தார்.

லண்டனில் 13.75 மீட்டர் எறிந்து வென்ற பிரெஞ்சு வீராங்கனை மிஷலின் ஓஸ்டர்மேயர், பியானோ வாத்தியத்தில் தேர்ந்த கலைஞர். இதைப் பலர் ஆனந்தத்துடன் எடுத்துச் சொல்வதுண்டு. நமக்கும் ஆனந்தமே. ஆனால் பியானோ வாசிப்பதால்தான் குண்டு எறிந்ததை மன்னிக்கலாம் என்ற தொனி அதில் சேருமானால், அந்தப் புகழ்ச்சி நமக்கு வேண்டாம். வாத்தியமே தொட்டறியாத பெண்ணுக்கும் அம்மைதானத்தில் அதே உரிமை உண்டு.

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் மில்லியா அம்மையாரின் பொன்னிறச் சிலையை உலகம் கண்டது. அவர் கேட்டது சிலையன்று, பந்தயம். 1922 முதல் 1934 வரை நடந்த நான்கு போட்டிகளிலும் வென்ற பெண்கள் இன்றளவும் ஒலிம்பிக் வெற்றியாளர் பட்டியலுக்கு வெளியிலேயே நிற்கிறார்கள். தாம் மறுத்த காலத்தில் வென்றவர்கள் இவர்கள் என்று குறிப்பிட்டு, அப்பெயர்களையும் தூரங்களையும் கமிட்டியார் தமது ஏடுகளில் சேர்க்கட்டும். பெண்கள் குண்டு எறிதலுக்கு நேரே முதல் வரியில் லூசில் காட்போல்ட், பாரிஸ், 1922, 20.22 மீட்டர் என்று எழுதப்பட வேண்டும்.